மூஸ் ஜாவில் ஒரு நாள்: சுரங்கமா, தெருவா, கப்பலா?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகரான ரெஜைனாவில் குடியிருப்பவர்களுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. ஜூன் பிறந்துவிட்டால் டொரன்டோவிலிருந்தோ ஊரிலிருந்தோ உறவினர் யாராவது வந்து இறங்குவார்கள். முதல் நாளை வஸ்கானா ஏரியும் சட்டமன்றக் கட்டடமும் பார்த்துக்கொள்ளும். இரண்டாம் நாள் காலை, தட்டில் தோசை ஆறுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "பக்கத்துல வேற என்ன இருக்கு?"

பக்கத்தில் மூஸ் ஜா இருக்கிறது. டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் மேற்கே 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முக்கால் மணி நேர ஓட்டம். 34,000 பேர்கூட இல்லாத ஊர். பெயரைச் சொன்னதும் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வி கேட்பார்கள்: "அல் கபோன் ஒளிஞ்சிருந்த சுரங்கம் இருக்காமே, போலாமா?"

கபோன் என்றால் 1920களில் கள்ளச் சாராயத்தால் பெயர் பெற்ற சிகாகோ தாதா. போகலாம். போகாமலும் இருக்கலாம். விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு ஐந்தாறு முறை போய் வந்ததில் எனக்கென்று ஒரு கணக்கு உண்டாகியிருக்கிறது. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, சின்ன ஊர்தான், ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது என்பவர்களுக்காக அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தேர்வு செய்ய அது உதவும். 1882இல் கனடியன் பசிபிக் ரயில்வேயின் தண்டவாளம் இந்தச் சமவெளியில் நீண்டபோது நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. தண்டர் ஓடை மூஸ் ஜா ஆற்றோடு சேரும் இடத்தில் அது கிடைத்தது. ரயில்வே அதைத் தன் கோட்ட மையமாக்கியது, ஊர் பிறந்தது. 1903இல் நகரமானது. 1901 கணக்கெடுப்பில் 1,558 பேர். 1911இல் 13,823 பேர். பத்தே ஆண்டில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு! நடுவூரில் இன்று அண்ணாந்து பார்க்கிற செங்கல், கல் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்திலோ அதையொட்டியோ எழுந்தவை. கோதுமையும் நில விற்பனையும் கொடுத்த பணம், அதைவிடப் பெரிய ஆசை. 1913இல் நில வியாபாரம் படுத்தது. அடுத்த ஆண்டே போர். அப்புறம் 1930களின் வறட்சி. ஆசைப்பட்ட அளவுக்கு ஊர் வளரவே இல்லை. வளர்ந்திருந்தால் இந்தக் கட்டடங்களில் பாதியை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கோபுரம் கட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சரி, தேர்வுக்கு வருவோம்.

சுரங்கம்

மெயின் தெருவின் தெற்கு முனையில், பழைய ரயில் நிலையத்துக்கு அருகிலேயே டிக்கெட் வாங்கலாம். 2000ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. தனித்தனிச் சுற்றுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நிமிடம். ஒன்றில் நீங்கள் 1929இல் கபோனின் ஆட்களிடம் சரக்கு வாங்க வந்த கள்ளச் சாராய வியாபாரி. இன்னொன்றில் நீங்கள் சீனாவிலிருந்து வந்து இறங்கிய கூலித் தொழிலாளி. பனிப்போர் காலப் பதுங்கு அறை என்று மூன்றாவது ஒன்று பிற்பாடு சேர்ந்தது. வேடமிட்ட நடிகர்கள் அழைத்துப் போவார்கள், அதட்டுவார்கள், உங்களையும் பேச வைப்பார்கள்.

நாடகமாகப் பார்த்தால் நல்ல நாடகம். என் அக்காவின் மகனுக்குப் பதினோரு வயது. கபோன் சுற்று முடிந்து வெளியே வந்தவன் அன்று முழுக்க வாயின் ஓரத்தால் பேசிக்கொண்டிருந்தான். மழையோ, ஜனவரியின் மைனஸ் முப்பதோ, எந்தக் காலத்திலும் பார்க்கக்கூடியது என்பது இன்னொரு வசதி. படிகள் இருக்கின்றன என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும், சக்கர நாற்காலிக்காரர்களுக்கும், அடைந்த இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் இது சரிப்படாது. கோடை விடுமுறையில் முன்பதிவு செய்யாமல் போய் நின்றது எங்கள் தவறு. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

ஆனால் வரலாறாக எவ்வளவு தேறும்? இங்கேதான் எனக்கு நெருடல்.

அடிப்படை உண்மைகள் இருக்கின்றன. சஸ்காச்சுவானில் 1915இல் மதுக்கடைகள் மூடப்பட்டு, 1924 வாக்கெடுப்புக்குப் பிறகு திரும்பத் திறந்தன. அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 முதல் 1933 வரை. அதாவது, 1920களின் பிற்பாதியில் எல்லைக்கு வடக்கே சரக்கு, தெற்கே தாகம். மூஸ் ஜாவிலிருந்து சூ லைன் என்ற ரயில் பாதை எல்லையைக் கடந்து மினியாபொலிஸ் வழியாகச் சிகாகோவரை தொடர்பு கொடுத்தது. பழைய கட்டடங்களின் அடித்தளத்தில் கொதிகலன் அறைகளும் நீராவிக் குழாய் ஓடும் வழிகளும் இருந்தன. இவை எல்லாம் சரி. ஆனால் கபோன் இந்த ஊரில் கால் வைத்தார் என்பதற்கு ஓர் ஆவணமும் இல்லை. தன் அப்பா அவருக்கு முடிவெட்டினார் என்று சொன்ன மகள், தாத்தா பார்த்தார் என்று சொல்லும் பேரன், இப்படித்தான் சங்கிலி போகிறது. ரயில் இருந்தது, சாராயம் இருந்தது, அடித்தளம் இருந்தது. மூன்றையும் சேர்த்து ஊர் தனக்கொரு கபோனைச் சமைத்துக்கொண்டது. அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. எந்த ஊரில்தான் இப்படி ஒரு கதை இல்லை?

சீனத் தொழிலாளர் கதையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் நிலத்தடியில் கூட்டமாக ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று கதை சொல்கிறது; அதற்கும் தொல்லியல் சான்றோ எழுத்துச் சான்றோ கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்களுக்கு நடந்த அநியாயம் நிஜம், அதற்குக் காகிதமும் இருக்கிறது. சீனர் ஒருவர் கனடாவுக்குள் வர 1885இல் 50 டாலர் தலைவரி, 1900இல் 100, 1903இல் 500. 1923இல் கதவையே சாத்தினார்கள், 1947வரை திறக்கவில்லை.

இந்த ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1912இல் சஸ்காச்சுவான் சட்டமன்றம், சீனர் நடத்தும் உணவகம், சலவைக்கடை போன்ற இடங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. க்வாங் விங் என்பவர் மூஸ் ஜாவில் உணவகம் வைத்திருந்தார். முறைப்படி குடியுரிமை பெற்றவர். இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பரிமாற வைத்திருந்தார் என்று அந்த ஆண்டே அவருக்குத் தண்டனை. அவர் சும்மா இருக்கவில்லை. மேல்முறையீடு செய்தார், வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1914இல் தோற்றார். ஐந்து நீதிபதிகளில் ஜான் ஐடிங்டன் ஒருவர்தான் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். சட்டத்திலிருந்து 'சீனர்' என்ற சொல் 1919இல் நீங்கியது. ஆனால் யாருக்கு அனுமதி கொடுப்பது என்ற அதிகாரம் நகராட்சிகளின் கைக்குப் போனது. சொல் போனாலும் சங்கதி போகவில்லை.

ஒளிந்துகொண்ட மனிதர்களின் கதையைவிட, பட்டப்பகலில் மெயின் தெருவில் கடை திறந்து, வரி கட்டி, வக்கீல் வைத்து உச்ச நீதிமன்றம் ஏறிய மனிதரின் கதை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்கு டிக்கெட் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆகவே, பிள்ளைகளோடு போனால் கபோன் சுற்று போதும். சீனர் சுற்றுக்குப் போகத்தான் போகிறீர்கள் என்றால், க்வாங் விங் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கீழே இறங்குங்கள்.

தெரு

என் ஓட்டு இதற்குத்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காசில்லை, காத்திருப்பில்லை, இரண்டரை மணி நேரம் போதும். மே முதல் செப்டம்பர்வரை சுகம். காற்றுதான் சில நாள் தொப்பியைப் பறிக்கும்.

தொடங்க வேண்டிய இடம் மெயின் தெருவின் தென்கோடி. தெருவை அடைத்துக்கொண்டு, தன் கோபுரத்தால் முழுத் தெருவையும் பார்த்தபடி நிற்கிறது பழைய ரயில் நிலையம். ஊரின் மூன்றாவது நிலையம் இது. 1920இல் தொடங்கி 1922இல் முடித்தார்கள். வரைந்தவர் ஹியூ ஜோன்ஸ். டொரன்டோ யூனியன் ஸ்டேஷனை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். டொரன்டோவிலிருந்து வரும் உறவினருக்கு இதைச் சொன்னால் போதும், அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்ப்பார். கண்டம் கடக்கும் பயணிகள் ரயில் 1990 ஜனவரியில் இந்தப் பாதையை விட்டு வடக்கே சஸ்கட்டூன் வழிக்குப் போய்விட்டது. அதோடு பயணிகள் இல்லாத ரயில் நிலையமாகிவிட்டது. சரக்கு ரயில்கள் இன்றும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெட்டிகளை எண்ணத் தொடங்கினால் நூறைத் தாண்டும், எண்ணுகிறவருக்குப் பொறுமை தீர்ந்துவிடும். நிலையம் மத்திய அரசின் பாரம்பரிய ரயில் நிலையச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. இடையில் பல ஆண்டுகள் உள்ளே அரசு மதுக்கடை நடந்தது. கள்ளச் சாராயக் கதையால் பெயர் வாங்கிய ஊரில், ரயில் நிலையத்திலேயே நல்ல சாராயம்!

அங்கிருந்து வடக்கே நடந்தால் முதலில் குறுக்கிடுவது ரிவர் தெரு. ஒரு காலத்தில் விடுதிகளும் சூதாட்டமும் விலைமாதர் இல்லங்களுமாக மாகாணம் முழுக்கப் பெயர் கெட்ட தெரு. ரயிலில் சம்பளம் வாங்கி இறங்கிய தொழிலாளர்களும், அறுவடைக்கு வந்த ஆட்களும் செலவழித்த இடம். அந்தப் பழைய விடுதிகளில் பலவற்றை இடித்துவிட்டார்கள். இங்கே எனக்கு ஊர்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. நிலத்துக்குக் கீழே இருந்ததாகச் சொல்லும் கதையைக் கொண்டாடிவிட்டு, நிலத்துக்கு மேலே நிஜமாகவே நின்றதைக் கைவிட்டுவிட்டார்கள்.

இன்னும் இரண்டு மூன்று பகுதிகள் தாண்டினால் ஃபேர்ஃபோர்டு தெரு முனை. அங்கே கடிகாரக் கோபுரத்தோடு நிற்பது நகர மன்றம். முதல் உலகப் போருக்குச் சற்று முன் தபால் நிலையமாகக் கட்டியது. எதிரே 1916இல் திறந்த கேப்பிட்டல் திரையரங்கு. இடைக்காலத்தில் அதற்குப் போதாத காலம். இப்போது ஊரின் கலை மையத்துக்குள் மே வில்சன் அரங்கம் என்ற பெயரில் நாடகமும் கச்சேரியும் நடக்கின்றன. மேற்கே கொஞ்சம் திரும்பினால் 1910இல் கட்டிய நிலப் பத்திர அலுவலகம். குடியேறியவர்களுக்கு நிலப் பட்டாதான் உயிர் என்பதால் இத்தகைய அலுவலகங்களைத் தீப்பிடிக்காத வகையில் கட்டினார்கள். இப்போது அது ஓவியர் இவெட் மூரின் காட்சிக்கூடம். தெரு அலைந்து களைத்தவர்களுக்கு உள்ளேயே உணவகம். பழைய கட்டடத்துக்குப் புது வாழ்வு கொடுப்பது எப்படி என்று இந்த ஊரில் யாராவது கேட்டால் நான் இந்த வாசலைத்தான் காட்டுவேன்.

சுவர்களையும் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நடுவூர்ச் சுவர்களில் ஊர் வரலாற்றை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள், நாற்பதுக்கும் மேல். சில அருமை. சில நாள்காட்டிப் படம் மாதிரிதான். வெயிலில் நிறம் வெளுத்தவற்றின் முன்னால்தான் என் அம்மா அதிக நேரம் நின்றார். "இதுதான் நிஜமாப் பழசா இருக்கு" என்றார்.

கிழக்கே கிரசென்ட் பூங்கா. மரமே இல்லாத சமவெளியில் மரங்களை நட்டு வளர்த்து, நடுவே ஓடைபோல் நீர் விட்டு, ஓரத்தில் 1913இல் கட்டிய நூலகத்தை வைத்திருக்கிறார்கள். தூண்கள் வைத்த முகப்பு. அந்தக் காலச் சின்ன ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதை அந்தத் தூண்கள் சொல்லிவிடும். பூங்காவில் உள்ள பழைய நீச்சல்குளக் கட்டடம் 1932இல் திறந்தது. அதற்கு முந்தைய கதை ருசியானது. 1910 வாக்கில் எரிவாயு தேடித் துளையிட்டவர்களுக்கு வாயு கிடைக்கவில்லை, வெதுவெதுப்பான உப்பு நீர் வந்தது. வந்ததை வைத்துக் குளம் கட்டினார்கள். இந்த ஊரில் நீந்தப் பழகிய ஃபிலிஸ் டூவார் 1934 பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுகளில் நான்கு தங்கம் வாங்கினார். பூமிக்கடியிலிருந்து மூஸ் ஜாவுக்கு வந்தவற்றில் கபோனைவிட இந்தத் தண்ணீர் நம்பகமானது. பின்னாளில் புதுக் கிணறு தோண்டி, ஆயிரம் மீட்டருக்கும் கீழிருந்து வெந்நீர் எடுத்து, 1996இல் பூங்காவை ஒட்டிய டெம்பிள் கார்டன்ஸ் விடுதியில் குளியல் வசதி செய்தார்கள். நடந்து களைத்த காலோடு மாலையில் அதில் இறங்குவது தனிச் சுகம். நீச்சலுடை எடுத்துப் போக மறக்காதீர்கள். நாங்கள் முதல் தடவை மறந்துவிட்டு விளிம்பைப் பார்த்துவிட்டு வந்தோம்.

இரவு தங்குவதாக இருந்தால் மெயின் தெருவிலேயே 1928இல் கட்டிய கிராண்ட் ஹால் விடுதியும் இருக்கிறது. ரயில்வேயின் துணைத் தலைவர் ஒருவரின் பெயர். இந்த ஊரில் எதைத் தொட்டாலும் கடைசியில் ரயில்வேயில் போய் முட்டும்.

கப்பல்

ஊருக்குத் தெற்கே, 2ஆம் எண் நெடுஞ்சாலையில் 13 கிலோமீட்டர். கடல் என்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டிய இந்தச் சமவெளியில், புல்லுக்கு நடுவே ஒரு கப்பல் நிற்கிறது. முதல் முறை போனபோது என் மாமா காரை விட்டு இறங்காமலே, "யாருப்பா இதை இங்க கொண்டாந்து வெச்சது?" என்றார்.

டாம் சுகனென் 1878இல் பின்லாந்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மின்னசோட்டாவுக்கு வந்து, குடும்பமாகி, 1911இல் அங்கிருந்து சஸ்காச்சுவானுக்கு நடந்தே வந்தார். ஏறத்தாழ 960 கிலோமீட்டர். நிலம் எடுத்து உழுதார். சில ஆண்டுகள் கழித்து மனைவி பிள்ளைகளை அழைத்துவர மறுபடி நடந்தே போனார். மனைவி காய்ச்சலில் இறந்திருந்தார். பிள்ளைகள் வேறு வேறு வீடுகளில். மகனை அழைத்துவர முயன்றார், அதிகாரிகள் விடவில்லை. தனியாளாகத் திரும்பினார். 1930களில், மண்ணே பறந்துகொண்டிருந்த வறட்சிக் காலத்தில், இரும்பும் மரமும் வாங்கிக் கப்பல் கட்டத் தொடங்கினார். தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றில் விட்டு, ஹட்சன் விரிகுடா வழியாகக் கடலேறி, பின்லாந்துக்குப் போவது திட்டம். ஆறு அவர் பண்ணையிலிருந்து 27 கிலோமீட்டர். கப்பலைத் துண்டு துண்டாகக் கட்டி, குதிரைகளால் இழுத்துப் போய் ஆற்றங்கரையில் பொருத்தலாம் என்று நினைத்தார். கொதிகலன், பல்சக்கரம் எல்லாம் தன் கையால் அடித்துச் செய்தவை. அக்கம்பக்கத்தார் நிவாரணத்தில் வாழ்ந்த காலத்தில் இவர் இரும்பில் பணத்தைக் கொட்டியதைப் பார்த்துப் பைத்தியம் என்றார்கள். கப்பலுக்கு அவரே வைத்த பெயர் சோன்டியாய்னென். பின்னிஷ் மொழியில் சாணி வண்டு. தன்னைவிடப் பெரிய உருண்டையை உருட்டிக்கொண்டு போகிற பூச்சி. தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கப்பல் ஆற்றைத் தொடவில்லை. 1941இல் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள், 1943இல் அங்கேயே இறந்தார். பல ஆண்டுகள் கழித்து லாரன்ஸ் மல்லின் என்ற உள்ளூர்க்காரர் துண்டுகளைத் தேடிச் சேர்த்து இங்கே கொண்டுவரக் காரணமானார். கப்பல் முழுசாகப் பொருந்தியது. சுகனெனின் உடல் எச்சங்களையும் கொண்டுவந்து பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள்.

சுற்றிலும் பழைய பள்ளிக்கூடம், தேவாலயம், கடைகள், டிராக்டர்கள் என்று ஒரு முன்னோடிக் கிராமத்தையே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். 1957 முதல் 1963வரை பிரதமராக இருந்த ஜான் டீஃபன்பேக்கர் சிறுவனாக வாழ்ந்த பண்ணை வீடும் இங்கேதான் இருக்கிறது. எல்லாம் நடந்து பார்க்க இரண்டு மணி நேரமாவது ஆகும். குறை என்று சொன்னால், கார் இல்லாமல் போக முடியாது, கோடைக்காலத்தில் மட்டும்தான் திறந்திருக்கும், நிழல் குறைவு. கட்டடங்கள் தாங்கள் பிறந்த இடத்தில் இல்லை என்பதும் உண்மை. மெயின் தெருவில் ஒரு வீடு ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் உண்டு; இங்கே அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. ஆனால் கப்பலுக்கு மட்டும் அந்தக் குறை இல்லை. அது எங்கே நின்றாலும் இடம் மாறித்தான் நிற்கும்.

மற்றவை

டிரான்ஸ் கனடா சாலையோரம் நிற்கும் மாக் என்ற பிரம்மாண்ட மூஸ் (அகன்ற கொம்புள்ள பெரிய மான்) சிலையை வரலாற்றுக் கட்டடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் தவிர்க்க முடியாது. 1984இல் டான் ஃபவுல்ட்ஸ் இரும்புச் சட்டத்தின்மேல் கான்கிரீட் பூசிச் செய்தது, அப்போதைய உயரம் 9.8 மீட்டர். 2015இல் நார்வேக்காரர்கள் எஃகில் பளபளவென்று ஒரு மூஸ் செய்து, வேண்டுமென்றே 30 சென்டிமீட்டர் கூட்டி வைத்தார்கள். மூஸ் ஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. 2019இல் மாக்குக்குப் புதுக் கொம்பு வைத்து, உலகின் மிக உயரமான மூஸ் சிலை என்ற பட்டத்தைத் திரும்பப் பிடித்தார்கள். ஐந்து நிமிடம், இரண்டு படம், கிளம்பிவிடலாம்.

பக்கத்திலேயே மேற்கு வளர்ச்சி அருங்காட்சியகம். மாகாணத்தில் இந்தப் பெயரில் நான்கு ஊர்களில் நான்கு. இங்கே இருப்பது போக்குவரத்துக்கானது. ரயில், கார், விமானம், அப்புறம் இந்த ஊர்த் தளத்திலிருந்து பறக்கும் ஸ்னோபேர்ட்ஸ் சாகசப் படையின் விமானம். ஐந்து வயதுப் பையன் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு இங்கேயே போங்கள். பனிக்காலத்துக்கும் ஏற்றது. பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்தில் அலுத்துவிடும் என்பது என் அனுபவம். இயந்திரப் பித்து உள்ளவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

அப்படியானால் எது?

கால்கரி போகும் வழியில் இரண்டு மணி நேரம்தான் நிறுத்துவீர்கள் என்றால்: மாக், நேராக ரயில் நிலையம், அங்கிருந்து நகர மன்றம்வரை நடை, திரும்பல். சுரங்கத்துக்கு ஆசைப்படாதீர்கள், டிக்கெட் நேரம் உங்கள் நேரத்தோடு பொருந்தாது.

எட்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால்: கபோன் சுற்றை முன்பதிவு செய்துவிட்டு, மற்ற நேரம் தெரு. பிள்ளைகளுக்கு ஒரு நாடகம் காட்டாமல் கட்டட முகப்பைப் பற்றிப் பேசினால் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

வயதான பெற்றோர் வந்திருந்தால்: காலையில் மெதுவாகப் பாதித் தெரு, பூங்கா இருக்கை, நிலப் பத்திர அலுவலகத்தில் மதிய உணவு, மாலையில் வெந்நீர். என் அம்மா இந்த ஊரைப் பற்றி இன்றும் பேசுவது அந்த வெந்நீரைத்தான்.

முழு நாளும் இருக்கிறது, கோடைக்காலம், வந்திருப்பவர்களுக்குக் கதை கேட்கும் காது உண்டு என்றால்: காலையில் தெரு, மதியத்துக்கு மேல் கப்பல். சுரங்கத்தை விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் என் அண்ணன் ஒத்துக்கொள்வதில்லை. "அவ்ளோ தூரம் வந்துட்டு கபோனைப் பார்க்காமப் போறதா?" என்பார். அவர் பார்த்ததும் கபோனை இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எடுபடவில்லை.

ஜனவரியில் வருகிறவர்களுக்குத் தேர்வே இல்லை. சுரங்கம், அருங்காட்சியகம், வெந்நீர். தெருவைக் காருக்குள்ளிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

வரும் ஜூலையில் மாமா மறுபடி வருகிறார். இந்த முறை எங்கே போகலாம் என்று தொலைபேசியில் கேட்டேன். பான்ஃப், ஜாஸ்பர் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "அந்தக் கப்பல்காரர் ஊர் இருக்கே, அங்க இன்னொரு தடவை போலாம்ப்பா. போன தடவை சமாதிகிட்ட சரியா நிக்கல" என்றார்.